அரையாண்டு லீவில் நாய்க்குட்டி: சேலம், ஏற்காடு வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுக்கு முதல் நாய்க்குட்டி வந்தது ஓர் அரையாண்டு விடுமுறையில். பத்து நாள் அதன் கால் தரையிலேயே படவில்லை. எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர், லீவுக்கு வந்திருந்த நாத்தனார் பிள்ளைகள் மூன்று பேர், மடி மாற்றி மடி வைத்துக் கொஞ்சினார்கள். பள்ளி திறந்த அன்று காலை எட்டரைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் கிளம்பினோம். பத்து மணிக்கு எதிர்வீட்டு அக்காவிடமிருந்து போன். "ஏங்க, உங்க குட்டி காலையில இருந்து ஒரே கத்தலுங்க. தொண்டையே கட்டிப்போச்சு." மதியம் பர்மிஷன் போட்டுவிட்டு ஓடி வந்து பார்த்தால், கதவின் கீழ்ப்பலகை முழுக்க நகக்கீறல். ஓரத்தில் லேசாக ரத்தம்.

குட்டி மேல் தப்பில்லை. எந்நேரமும் ஐந்து பேர் சுற்றி இருப்பார்கள் என்று அந்தப் பத்து நாளில் நாங்கள்தான் அதைப் பழக்கியிருந்தோம். ஆறு வருடம் கழித்து இரண்டாவது குட்டி வந்தபோது காலண்டரைப் பின்னாலிருந்து எண்ணினோம். முதலில் பள்ளி திறக்கும் தேதிக்கு வட்டம், பிறகு அதற்கு முன்னால் உள்ள ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலை. கீழே இருப்பது அந்தக் கணக்குதான்.

படி 1: இந்த லீவு சரிப்படுமா என்று பாருங்கள்

டிசம்பர் கடைசியில் தொடங்கும் விடுமுறையில் வீட்டில் ஆள் இருக்கும், உண்மைதான். ஆனால் அதே மார்கழியில்தான் பாதி வீடுகளில் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார்கள். தை பிறந்தால் எடப்பாடிப் பக்கத்துக்காரர்கள் பழனிக்குக் காவடி எடுத்துப் புறப்பட்டுவிடுவார்கள். இடையில் பொங்கலுக்கு மாமியார் ஊர். இவற்றில் எதற்காவது குடும்பத்தோடு கிளம்பப் போகிறீர்கள் என்றால், குட்டியைக் கோடை லீவுக்குத் தள்ளிப் போடுங்கள். வந்த இரண்டாம் வாரமே இன்னொரு வீட்டில் கொண்டுபோய் விட்டால், அது முதலிலிருந்து எல்லாவற்றையும் கற்க வேண்டியிருக்கும்.

மாலை போட்ட வீடாக இருந்தால் பூஜை அறை, படுக்கும் இடம், தொடுவது தொடாதது எல்லாவற்றையும் பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். குட்டி வந்த பிறகு பேசினால் அது சண்டையில்தான் முடியும். பிள்ளைகள் "நான் பார்த்துக்கறேன்" என்று சொல்வதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து அதை வெளியே கொண்டுபோகப் போகும் பெரியவர் யார் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

லீவின் முதல் நாளோ இரண்டாம் நாளோ கொண்டுவந்துவிடுங்கள். புத்தாண்டுக்கு முந்தின நாள் மட்டும் வேண்டவே வேண்டாம். முதல் ராத்திரியே நடுநிசிப் பட்டாசில் போய்விடும்.

படி 2: எந்தக் குட்டி, எங்கிருந்து

எட்டு வாரம் நிறையாத குட்டியை வாங்காதீர்கள். நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளும் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்றே சொல்கின்றன. சட்டத்தை விட்டாலும், எவ்வளவு பலமாகக் கடிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் குட்டி கற்பது தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும்தான். முப்பது நாளில் பிரித்த குட்டிகள் பிற்பாடு கையைக் குதறுவதற்கு அது ஒரு முக்கியமான காரணம்.

இந்தக் குளிரில் ஏமாறும் ஓர் இடம் உண்டு. டிசம்பரில் ஏற்காட்டில் ஒரு ஹஸ்கியைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சித்திரை வெயிலில் சேலம் 40 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும்போது, அந்த அடர்ந்த ரோமத்தோடு அது என்ன செய்யும்? நம் ஊர் வெயிலுக்கு நம் ஊர் நாய்தான் சரி. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் ஓடி வளர்ந்த இனங்கள், இடம் வேண்டும். ராஜபாளையம் போன்ற முழு வெள்ளைக் குட்டிகளில் காது கேளாமை வருவதுண்டு. அது பார்க்காத நேரத்தில் பின்னாலிருந்து சாவியைக் குலுக்கிப் பாருங்கள்.

என் ஓட்டு தெருக்குட்டிக்குத்தான். மார்கழி, தையில் சாக்கடை ஓரத்திலும் கட்டடம் கட்டும் மணல் குவியலிலும் குட்டிகள் கண்ணில் படும். கண்டவுடன் தூக்கி வந்துவிடாதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம். தூரத்தில் நின்று சில மணி நேரம் பாருங்கள். தாய் வந்தால், குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆகும்வரை அவளுக்கு அங்கேயே சோறு போடுங்கள். அதற்குள் அவளும் உங்களை நம்பத் தொடங்கிவிடுவாள்.

எங்கே எடுத்தாலும் பார்க்க வேண்டியவை ஒன்றுதான். கண்ணில் பீளை இல்லாமல், மூக்கு ஒழுகாமல் இருக்கிறதா? உதட்டைத் தூக்கினால் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா? வெளுத்திருந்தால் குடற்புழுவோ உண்ணியோ ரத்தத்தைக் குடித்திருக்கலாம். உடம்பு ஒல்லியாக, வயிறு மட்டும் பானை போல இருந்தால் பெரும்பாலும் பூச்சிதான். வால் அடியில் வயிற்றுப்போக்கின் கறை இருந்தால் அன்றைக்கு எடுக்க வேண்டாம்.

கூடப் பிறந்த இரண்டையும் சேர்த்து எடுக்கலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். என் பதில், வேண்டாம். அவை ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டு உங்கள் பேச்சைக் காதிலேயே வாங்காது. ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால் தட்டு தனி, படுக்கை தனி, தினமும் சிறிது நேரம் ஒன்றை விட்டு ஒன்று தனியாக.

படி 3: வீட்டைத் தயார் செய்வது

சேலத்தில் மார்கழி ராத்திரி என்பது நமக்கு ஒரு போர்வைக் குளிர்தான். ஆனால் தாயின் வயிற்றோடு ஒட்டித் தூங்கிய குட்டிக்கு மொசைக் தரையும் கிரானைட்டும் பனிக்கட்டி மாதிரி. ஓர் அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி வாசலாக்குங்கள். அடியில் மடித்த கோணிப்பை, மேலே பழைய லுங்கி. ஒரு பாட்டிலில் சுடுநீர் ஊற்றி, துண்டில் சுற்றி ஓர் ஓரத்தில் வையுங்கள். சூடு அதிகமானால் நகர்ந்து படுக்க மறுபக்கம் காலி இடம் இருக்க வேண்டும்.

ஏற்காட்டு வீடுகளில் கதை வேறு. சுமார் 1,500 மீட்டர் உயரம். ராத்திரி 12, 13 டிகிரிக்கு இறங்கும், காலை பத்து மணி வரை மூட்டம் விலகாது. அங்கே குளிரைவிட ஈரம்தான் பெரிய எதிரி. கோணியைத் தொட்டுப் பாருங்கள், ஜில்லென்று பிசுபிசுத்தால் மாற்றிவிடுங்கள். மூன்று கோணி இருந்தால் ஒன்று கீழே, ஒன்று வெயிலில், ஒன்று கையிருப்பில். மூடிய அறையில் கரி அடுப்பை வைத்துக் கணப்புக் காயும் பழக்கம் மட்டும் வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. குட்டியோடு சேர்ந்து நீங்களும் எழுந்திருக்க மாட்டீர்கள்.

குட்டி நடுங்கினால் போர்த்தினால் போதும். நடுக்கம் நின்று, துவண்டு, ஈறு ஜில்லிட்டுப் போனால் அது அவசரம். உங்கள் வயிற்றோடு அணைத்து மெல்லச் சூடேற்றுங்கள். சர்க்கரைக் கரைசலைத் துளியாகத் தொட்டு ஈறில் தடவுங்கள். அப்படியே மருத்துவரிடம் ஓடுங்கள். வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், புரையேறும்.

பிறகு தரையில் மண்டியிட்டு, குட்டியின் உயரத்திலிருந்து வீட்டைப் பாருங்கள். சம்ப் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா? கேட் கம்பிகளுக்கு நடுவே தலை நுழையுமா? நுழைந்தால் வலை கட்டுங்கள். எலி மருந்து கேக்கை எங்காவது பீரோவுக்குப் பின்னால் போட்டு மறந்திருப்பீர்கள், தேடி எடுத்துவிடுங்கள். அரளிச்செடி இருந்தால் அந்தப் பக்கம் தடுப்பு.

சேலத்து வீடுகளுக்கென்று இரண்டு தனி ஆபத்துகள். ஒன்று, வீட்டோடு கொலுசுப் பட்டறை. ஆசிட், வெள்ளிப்பொடி, பற்றவைக்கும் பொடி இருக்கும் அறைக்குக் குட்டி போகவே கூடாது. இன்னொன்று தறி. அம்மாப்பேட்டைப் பக்கம் தறி உள்ள வீடுகளில் நூல் எங்கும் கிடக்கும். விழுங்கிய நூல் குடலைச் சுருக்குப்பை மாதிரி இழுத்துவிடும். ஆசனவாயில் நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம். அப்படியே மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.

படி 4: கொண்டுவரும் நாள்

காலையிலேயே அழைத்து வாருங்கள், வீட்டைச் சுற்றிப் பார்க்க ஒரு முழுப் பகல் கிடைக்கும். கிளம்பும் முன் தாய் படுத்த துணியில் ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வாசனை முதல் ராத்திரிக்கு வேண்டும்.

மலை ஏறுவதானாலும் இறங்குவதானாலும் 20 கொண்டை ஊசி வளைவுகள். மூன்று மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள். அப்படியும் பாதி வழியில் எச்சில் ஒழுகத் தொடங்கும், பழைய துண்டு கையில் இருக்கட்டும். ஓட்டுகிறவர் மடியில் வேண்டாம், பின்சீட்டில் ஒருவர் கூடையோடு உட்காருங்கள். குரங்கு நிற்கும் வளைவுகளில் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். டீக்கடையில் நிறுத்தினாலும் குட்டியைத் தரையில் விடாதீர்கள். ஏன் என்பது ஏழாவது படியில்.

வீட்டுக்கு வந்ததும் நேராக அது ஒன்றுக்குப் போக வேண்டிய இடத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள். போன பிறகுதான் உள்ளே. ஆரத்தி எடுப்பதெல்லாம் உங்கள் விருப்பம், கற்பூரத்தை மூக்குக்கருகில் கொண்டுபோகாமல் இருந்தால் சரி.

படி 5: முதல் ராத்திரி, அப்புறம் கக்கா, உச்சா

அழும். கட்டாயம் அழும். "அழட்டும், பழகிடும்" என்று தோட்டத்திலோ மாடிப்படிக்கு அடியிலோ கட்டிப்போடும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. பெட்டியை உங்கள் படுக்கை ஓரத்தில் வையுங்கள். அழும்போது கையைத் தொங்கவிட்டால் போதும், விரலை முகர்ந்துவிட்டுப் படுத்துவிடும். மூன்று நான்கு நாள் கழித்துப் பெட்டியைத் தினம் ஓரடி நகர்த்தி, அது நிரந்தரமாகப் படுக்கப்போகும் இடத்துக்குக் கொண்டுபோய்விடலாம்.

எவ்வளவு நேரம் அடக்கும் என்பதற்கு ஒரு சுமாரான கணக்கு உண்டு. வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்று கூட்டினால் வருவது மணி நேரம். இரண்டு மாதக் குட்டி என்றால் அதிகபட்சம் மூன்று மணி. எனவே ராத்திரி இரண்டு முறையாவது எழத்தான் வேண்டும். பகலில் தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்ட பத்து நிமிடத்தில், விளையாடி முடித்ததும் வெளியே தூக்கிச் செல்லுங்கள். ஒரே இடம், ஒரே சொல். நாங்கள் "போயிட்டு வா" என்போம். போனதும் அங்கேயே, அந்த நொடியே ஒரு துணுக்குக் கோழிக்கறி. உள்ளே வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கொடுத்ததாகத்தான் அது எடுத்துக்கொள்ளும்.

வீட்டுக்குள் போய்விட்டால் மூக்கைத் தேய்ப்பது, அடிப்பது எல்லாம் வீண். உங்கள் கண்ணில் படாமல் சோபாவுக்குப் பின்னால் போகத்தான் அது கற்றுக்கொள்ளும். பினாயில் போட்டால் தரை நன்றாகக் காயும்வரை குட்டியை விடாதீர்கள், காலை நக்கிவிடும்.

படி 6: சாப்பாடு, லீவு பலகாரம்

மூன்று மாதம் வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை. முன்பிருந்த இடத்தில் என்ன சாப்பிட்டதோ அதையே முதல் மூன்று நான்கு நாள் கொடுத்து, ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக உங்கள் உணவுக்கு மாற்றுங்கள். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றைக் கலக்கிவிடும். வெறும் பால்சோற்றில் வளர்வதும் போதாது. உப்பு, வெங்காயம், பூண்டு போடாமல் வேகவைத்த கோழி, முட்டை, சோறு, கொஞ்சம் பூசணியோ கேரட்டோ சேர்க்கலாம். கால்சியம் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் குட்டி உணவு கொடுத்தால் பாக்கெட்டில் எடைக்கு ஏற்ற அளவு போட்டிருக்கும்.

ஆபத்தெல்லாம் விருந்தில்தான். கிறிஸ்துமஸுக்கு வரும் பிளம் கேக்கில் உலர்திராட்சை. பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலிலும் அதே திராட்சை. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், எந்த அளவு தாங்கும் என்று சொல்ல முடியாது. சாக்லேட் வேண்டாம், சர்க்கரை இல்லாத மிட்டாய்களில் வரும் சைலிட்டால் அதைவிட மோசம். புத்தாண்டு பிரியாணியின் வெந்த எலும்பு ஊசியாக உடையும். கரும்புச் சக்கை குடலில் அடைத்துக்கொள்ளும்.

ஏற்காட்டில் இந்த மாதங்கள் காப்பிப் பழம் பறிக்கும் காலம். களத்தில் காயும் கொட்டையும், வறுத்து அரைத்த தூளும், வடிகட்டிய சக்கையும் நாய்க்கு விஷம்தான், எல்லாவற்றிலும் கஃபீன் இருக்கிறது. வெண்ணெய்ப் பழக் கொட்டை உருண்டு வந்தால் பந்து என்று நினைத்துக் கவ்வும். அதையும் எடுத்துவிடுங்கள்.

வருகிற ஒவ்வோர் அத்தையும் மாமாவும் ஒரு வாய் ஊட்டுவார்கள். என் அம்மா முறுக்கை ஒளித்துக் கொடுத்ததை நான் மூன்று முறை கையும் களவுமாகப் பிடித்தேன். கடைசியில் ஒரு டப்பாவில் வேகவைத்த கேரட் துண்டுகளைப் போட்டு வாசலில் வைத்தோம். கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் அதிலிருந்து கொடுக்கலாம்.

படி 7: மருத்துவரும் ஊசியும்

குட்டி வருவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று: ஜனவரி 1 அன்றும் பொங்கல் நான்கு நாளும் உங்கள் மருத்துவர் இருப்பாரா, இல்லாவிட்டால் யார்? அரசு கால்நடை மருத்துவமனையின் விடுமுறை நேரத்தையும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள்.

வந்த இரண்டாம், மூன்றாம் நாளில் ஒரு பரிசோதனை. குடற்புழு மருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை. பார்வோ, டிஸ்டெம்பர் என்று குட்டிகளின் உயிரை எடுக்கும் நோய்களுக்கெல்லாம் சேர்ந்த தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு பூஸ்டர். ரேபீஸ் ஊசி மூன்று மாதத்தில். அதன் பூஸ்டர் எப்போது, பிறகு வருடா வருடம் எப்போது என்பதை மருத்துவர் அட்டையில் குறித்துத் தருவார். இடையில் ஒன்று விட்டுப்போனால், போட்டதற்கும் அர்த்தம் குறைந்துவிடும்.

பார்வோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் கிருமி அது. டீக்கடை வாசலில் இறக்கிவிட வேண்டாம் என்றது அதனால்தான். முன்பு பார்வோவில் குட்டி இறந்த வீடு என்றால் சாதாரணப் பினாயில் போதாது. துணி துவைக்கும் திரவ ப்ளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, தேய்த்துக் கழுவி, பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். குட்டி சாப்பிடாமல் சுருண்டு கிடந்து, வாந்தி எடுத்து, நாற்றத்தோடு ரத்தமாகப் போனால் "காலையில பார்க்கலாம்" என்று படுக்காதீர்கள். அந்த ஒரு ராத்திரியில்தான் பல குட்டிகள் போகின்றன.

அதற்காக நான்கு மாதம் வீட்டுக்குள்ளேயே பூட்டி வைக்கவும் கூடாது. ஏறத்தாழ மூன்று முதல் பதினான்கு வாரம் வரைதான் ஒரு குட்டி உலகத்தைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் காலம். வழி எளிது: தூக்கிக்கொண்டு போங்கள். தோளில் ஒரு துணிப்பையில் போட்டு ஐந்து ரோட்டுப் பஸ் ஹாரன், ஹெல்மெட் போட்ட ஆள், குடை, தாடி, சக்கர நாற்காலி, பால்காரர் சைக்கிள் எல்லாம் காட்டுங்கள். தினம் பத்து நிமிடம்.

பிள்ளைகளைக் குட்டியின் பல் கீறுவது சாதாரணம்தான். ஆனால் தோலில் கீறல் விழுந்தால், ரத்தம் வராவிட்டாலும், குறிப்பாகத் தெருவிலிருந்து எடுத்த குட்டியாக இருந்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். "சின்னக் குட்டிதானே" என்று மஞ்சள் தடவி விடாதீர்கள். குட்டிக்கும் ரேபீஸ் இருக்கலாம்.

படி 8: சத்தம், கூட்டம்

மார்கழியில் விடிகாலை கோயில் ஒலிபெருக்கி நமக்கு இலவசப் பயிற்சி. பாட்டு தொடங்கும்போது ஒரு துணுக்குக் கறி கொடுங்கள், நான்கு நாளில் பாட்டுக்கே காத்திருக்கும். புத்தாண்டு ராத்திரி ஜன்னலைச் சாத்தி, டிவியைச் சத்தமாக வைத்து, நீங்கள் பக்கத்தில் இருங்கள். போகியன்று புகையிலிருந்து தள்ளி உள்ளறையில். மாட்டுப் பொங்கலன்று தொழுவத்துப் பக்கம் வேண்டாம், ஓர் உதை போதும். விருந்தாளிகள் வரும்போது ஒரு விதி மட்டும்: பெட்டிக்குள் படுத்திருக்கும் குட்டியை யாரும் எடுக்கக் கூடாது. எட்டு வாரக் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம்கூடத் தூங்கும்.

படி 9: பள்ளி திறக்கும் நாளுக்கு ஒத்திகை

நான்காம் நாள் தொடங்குங்கள். குட்டிக்குக் கடிக்க ஏதாவது கொடுத்துவிட்டு, எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்தி இரண்டு நிமிடம் நில்லுங்கள். அழுகை தொடங்கும் முன் உள்ளே வாருங்கள். மறுநாள் ஐந்து, பிறகு பத்து, அரை மணி, ஒரு மணி. ஒரு நாள் அழுதால், அடுத்த நாள் நேரத்தைக் குறையுங்கள். போகும்போது கட்டிப்பிடித்து விடைபெறுவதும், வந்ததும் கூச்சல் போடுவதும் வேண்டாம். முதல் குட்டியிடம் நாங்கள் அதைத்தான் செய்தோம்.

லீவின் கடைசி மூன்று நாளும் வீடு பள்ளி நாளைப் போலவே நடக்க வேண்டும். ஆறு மணிக்கு எழுவது, குக்கர் விசில், ஷூ, புத்தகப்பை, வண்டி சத்தம். என் மகன் ஜனவரி முதல் தேதி யூனிஃபார்ம் போட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பினான். தெருவே சிரித்தது.

இவ்வளவு பழக்கினாலும் இரண்டு மாதக் குட்டியை மூன்று மணி நேரத்துக்கு மேல் தனியாக விட முடியாது. மதியச் சாப்பாட்டுக்கும் உச்சாவுக்கும் யாராவது வந்தே ஆக வேண்டும். எங்களுக்கு எதிர்வீட்டு அக்கா. அவருக்கு லீவின்போதே தினம் ஒரு வேளை எங்கள் குட்டிக்குச் சோறு வைக்கும் வேலையைக் கொடுத்துவிட்டோம். பள்ளி திறந்த அன்று பதினொன்றரைக்கு அவர் சாவியைத் திருப்பியபோது குட்டி பெட்டிக்குள் கிடந்து ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்ததாம்.

பத்து நாளில் பொங்கல் லீவு வந்தது. நான்கு நாள் மறுபடி வீடு நிறைய ஆட்கள், மறுபடி மடி. லீவு முடிந்த திங்கட்கிழமை மறுபடி அழுதது. ஒத்திகையை இரண்டு நிமிடத்திலிருந்து திரும்பத் தொடங்கினோம். இந்த முறை நான்கே நாளில் சரியாகிவிட்டது.